தவணை ஏன் தவறுகிறது? குழுக்கடன், தண்டல், நகைக்கடன் கட்டும் வீடுகளுக்கான கேள்வி பதில்

நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறி வீடுகளில் கடன் கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலையாகிவிட்டது. யார் வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வாங்கும்போது இனித்தது, கட்டும்போது கசக்கிறதா? கட்டாதவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள்தானே?

அப்படி ஒருசிலர் இருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் வீடுகளில் நான் பார்ப்பது நேர்மாறாக இருக்கிறது. சோற்றைக் குறைத்துக்கொண்டு டியூ கட்டுகிறார்கள். பிள்ளைக்கு வேன் பணம் கட்டாமல் குழுவுக்குக் கட்டுகிறார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு தவணைத் தேதியைக் காப்பாற்றிய ஒரு சர்க்கரை நோயாளி அம்மாவை எனக்குத் தெரியும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடனில் தவறினால் பத்துப் பெண்கள் நடுவில் தலைகுனிய வேண்டும், அந்தப் பயம் போலீஸ் பயத்தைவிடப் பெரியது. தவணை நிற்கிறது என்றால் அதற்கு முன்னால் அந்த வீட்டில் விற்க முடிந்ததெல்லாம் விற்றாயிற்று, கேட்க முடிந்த ஆளையெல்லாம் கேட்டாயிற்று என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் சிக்கல் எப்போது ஆரம்பிக்கிறது?

தவணை தவறிய மாதத்தில் இல்லை, அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பே. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, கடன் கொடுத்தவர்களும் சரி, வாங்கியவர்களும் சரி.

ஒரு வீட்டுக் கணக்கையே சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவர் தறி ஓட்டுகிறார், மனைவி தார் போடுகிறார் (தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை), இரண்டு பிள்ளைகள். நல்ல வாரத்தில் இரண்டு பேர் கூலியும் சேர்ந்து 5,500 ரூபாய், நான்கு வாரத்துக்கு 22,000. அந்த அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார், பின் அட்டையில் பென்சிலால் தேதி தேதியாக எழுதியிருந்தது. மூன்றாம் தேதி ஒரு குழு 2,650. ஒன்பதாம் தேதி இன்னொரு குழு 2,300. பதினாறில் மூன்றாவது குழு 1,900. அப்புறம் வண்டி டியூ 2,900, பையன் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போனுக்கு 1,250. கூட்டினால் 11,000. இதுவரை பார்த்தால் ஏதோ ஓட்டிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

நோட்டை மூடப் போனவர் நிறுத்தி, "தண்டல் ஒண்ணு இருக்குதுங்க, அதை எழுதலை" என்றார். தினம் 100 ரூபாய், ஆக மாதம் 3,000. இப்போது 14,000. மிச்சம் 8,000, அதில் வாடகை 3,500. நான்கு பேர் சாப்பாடு, கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,500 ரூபாய். இது நான்கு வாரமும் தறி ஓடினால். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் தீர்ந்து அடுத்த பாவு வராமல் இரண்டு வாரம் தறி நின்றது, வருமானம் 11,000 ஆனது, கட்ட வேண்டியது அதே 14,000. அந்த மாதம்தான் முதல் தவணை தவறியது, ஊரார் கண்ணுக்குத் தெரிந்ததும் அந்த மாதம்தான். ஆனால் அந்த வீட்டில் இடறி விழுவதற்கு ஒரு இன்ச் இடம்கூட இல்லாமல் போனது மூன்றாவது குழுவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே.

இதில் தறி முதலாளியிடம் வாங்கிய பாக்கியை நான் சேர்க்கவில்லை. எங்கள் பக்கம் தறிக்காரர்கள் வேலைக்குச் சேரும்போது வாங்கும் முன்பணத்தைப் பாக்கி என்பார்கள், கூலியில் வாராவாரம் கொஞ்சம் பிடிப்பார்கள். பாக்கி இருக்கும்வரை வேறு தறிப்பட்டறைக்கு, கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போக முடியாது. கடன் வருமானத்தையும் சேர்த்துக் கட்டிப்போடுவது இப்படித்தான்.

வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்று விதி இருக்கிறதே?

இருக்கிறது. 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் மைக்ரோ பைனான்ஸ் கடன் (நாம் சொல்லும் குழுக்கடன் இந்த வகைதான்), அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

மேலே சொன்ன வீட்டைத் திரும்பப் பாருங்கள். வருமானம் 22,000, ஏட்டில் தெரியும் தவணை 11,000. சரியாகப் பாதி! விதிப்படி எல்லாம் ஒழுங்கு. தண்டல், பாக்கி, சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்று, கடையில் மளிகைக் கணக்கு இவையெல்லாம் எந்த கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வராது. போதாததற்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்கும்போது தறி ஓடும் வாரத்தின் கூலியைத்தான் சொல்கிறோம், எழுதுகிறவரும் அதையே நான்கால் பெருக்குகிறார். ஆண்டில் எத்தனை வாரம் தறி நிற்கும் என்று கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாலே பாதி வீடுகள் தப்பிக்கும்.

இத்தனை வருடம் ஓடியதே, 2024, 2025இல் மட்டும் ஏன் இத்தனை பேர் ஒரே நேரத்தில் கவிழ்ந்தார்கள்?

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் கிடைத்துக்கொண்டே இருந்தது, அதனால் ஓடியது. நான்காவது குழுவில் வாங்கி இரண்டாவது குழுவை அடைப்பது, பழைய கடன் பாதி கட்டியதும் அதே நிறுவனத்திலேயே டாப்-அப் போட்டு மேல்கடன் வாங்குவது என்று சுற்றிச் சுற்றி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகக் கட்டும் குடும்பம், உள்ளே கடன் வளர்ந்துகொண்டே போகும் குடும்பம்.

நிறுவனங்களுக்கே இது கவலையாகி, அவர்களுடைய கூட்டமைப்பான எம்ஃபின் கட்டுப்பாடு போட்டது. ஒருவருக்கு மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் கூடாது, 2025 ஏப்ரலிலிருந்து மூன்று நிறுவனங்களுக்கு மேல் கூடாது. நல்ல விதிதான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே நாலைந்து இடத்தில் வாங்கிச் சுழற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கு அடுத்த கடன் திடீரென்று நின்றபோது எல்லாத் தவணையும் ஒன்றாகத் தலையில் விழுந்தது. விழுந்தவர்கள் எங்கே போனார்கள்? தண்டலுக்கும், நேரம் ஓட ஓட ஏறும் மீட்டர் வட்டிக்கும்தான். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பக்கத்துத் தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துச் சிறுநீரகத் தரகர்கள் சுற்றியது வெளியே வந்து, மாநிலமே அதிர்ச்சியாகப் பேசியது. எங்களுக்கு அது அதிர்ச்சியாக இல்லை, துக்கமாக இருந்தது.

வருமானமே நின்றுபோகும் தொழில்களில் என்ன ஆகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், டியூ தேதி நிற்காது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் சில வீடுகளில் ஒரு மாதத் தவணைக்கே சரியாகிவிடும். இத்தனைக்கும் இந்தத் தேதி ஆண்டுதோறும் தெரிந்த தேதி! ஏப்ரல், மே தவணையை அப்படியே பின்னால் தள்ளி வைத்துக் கடன் கொடுக்க என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை. சிவகாசியில் தீபாவளி முடிந்ததும் வேலை குறையும். டெல்டாவில் மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் ஒரு கணக்கு, திறக்காவிட்டால் வேறு கணக்கு.

திருப்பூர் வேறு மாதிரி. அங்கே சனிக்கிழமை சம்பளம், அதை நம்பியே வாரக்கடன் ஓடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் முதலில் போனது. தொழிலாளியைக் கேட்டால் "வேலை இருக்குது, ஓட்டி இல்லை" என்பார். அவர் தவணை கட்டிக்கொண்டிருந்ததே அந்த ஓட்டி பணத்தில்தான், வேலை இருந்தும் தவணை தவறுவது இப்படித்தான்.

எந்தச் செலவு குடும்பத்தைக் கவிழ்க்கிறது?

வைத்தியம்தான் முதலில். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டி, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், கூட இருப்பவர் இழக்கும் கூலி, இதற்கெல்லாம் எந்த அட்டையும் இல்லை. ஒருவர் படுத்தால் இரண்டு பேர் வருமானம் நிற்கிறது. அடுத்தது ஜூன் மாதம், ஃபீஸ், நோட்டு, சீருடை எல்லாம் ஒன்றாக வரும்.

அப்புறம் விசேஷம். இதை ஆடம்பரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாய்மாமன் சீர் வைக்காமல் இருக்க முடியுமா? புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைப்பார்கள். வந்த மொய் எல்லாம் நோட்டில் ஏறும், அவரவர் விருந்துக்குப் போய் அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாப் பணம், பல குடும்பங்களைத் தூக்கிவிட்ட ஏற்பாடு. ஆனால் கட்டியே தீர வேண்டிய கடமை, அது விழும் மாதத்தில் வங்கித் தவணை தள்ளிப்போகும். மொய்யை எழுதாமல் போடும் கணக்கு அந்தப் பக்கத்தில் கணக்கே இல்லை.

குடியால்தான் எல்லாம் என்கிறார்களே?

குடி காரணமாக இருக்கும் வீடுகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. தினம் 200 ரூபாய் போனால் மாதம் 6,000, மேலே சொன்ன வீட்டின் இரண்டு பெரிய குழுத் தவணையைவிட அதிகம். ஆன்லைன் ரம்மியில் போன வீடுகளும் உண்டு. ஆனால் பணம் கட்டி ஆடும் இந்த விளையாட்டுகளை 2025இல் மத்திய அரசே தடை செய்தும், அதற்காக வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. குடிப்பவர் கணவர், குழுக்கடனில் கையெழுத்து மனைவியுடையது, சத்தம் போட்டுக் கேட்பதும் மனைவியைத்தான்.

என் பேரில் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தேன், அவர் கட்டவில்லை. நான் கட்ட வேண்டுமா?

ஆமாம், சட்டப்படி நீங்கள்தான் கட்ட வேண்டும். சொல்லவே வருத்தமாக இருக்கிறது. "நீ கையெழுத்துப் போடு, டியூவை நான் கட்டிடறேன், உனக்கு ரெண்டாயிரம் தர்றேன்" என்று கேட்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரோ நாத்தனாரோ குழுவை நடத்தும் சென்டர் லீடரோதான், மறுக்க முடியாத உறவு. அவர்களுக்குக் கடன் கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், சண்டை வருவதற்கு முன்னால்.

12 சதவீத வட்டி என்றார்கள், கணக்குப் போட்டால் அதிகம் வருகிறதே?

பிளாட் வட்டியாக இருக்கும். 10,000 வாங்கி, 12 மாதத்தில் 11,200 ஆகத் திருப்பிக் கட்டினால் அது 12 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், வட்டியோ முழு 10,000க்கும் போட்டிருக்கிறார்கள். உண்மையில் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். "குறையும் நிலுவைக்கு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள், மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குத் தகவல் அட்டையும் கடன் அட்டையும் உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி.

தண்டலில் 10,000 என்று எழுதி 8,500தான் கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். ஊரில் "அஞ்சு வட்டி" என்கிறோமே, நூற்றுக்கு மாதம் அஞ்சு, அது ஆண்டுக்கு 60 சதவீதம்.

நகைக்கடன் பரவாயில்லையா?

தண்டலோடு பார்த்தால் பல மடங்கு பரவாயில்லை. ஆனால் அதில் வேறொரு ஆபத்து, மாதாமாதம் யாரும் கேட்க மாட்டார்கள். ஓராண்டு கழித்து அசலும் வட்டியும் ஒன்றாக வந்து நிற்கும். முழுதாகக் கட்டித்தான் திருப்பி மறுபடி வைக்க வேண்டும் என்று வங்கியில் சொன்னபோது, ஒரே ஒரு நாளைக்குப் பணம் புரட்டி நகையைத் திருப்பி, அன்று மாலையே மறுபடி வைத்து, அந்த ஒரு நாள் பணத்துக்கு ஆயிரக்கணக்கில் வட்டி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் 500 ரூபாய் இருக்கும் மாதத்தில் அந்த 500ஐ நகைக்கடன் வட்டியில் கட்டிவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். ஏலம் போனாலும் கடனும் செலவும் போக மீதித் தொகை உங்களுடையது, கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த மாதம் கட்ட முடியாது என்று இப்போதே தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

புதுக்கடன் வாங்காதீர்கள், போனில் ஐந்து நிமிடத்தில் தரும் ஆப் கடன் வேண்டவே வேண்டாம். ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதுங்கள், தண்டல், கைமாற்று, மொய், சீட்டு, மளிகைக்கடை பாக்கி உட்பட. கணவருக்கும் மனைவிக்கும் ஒருவர் கடன் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால்தான் பலன். அழுகை வரும், சண்டை வரும், பரவாயில்லை, எழுதி முடியுங்கள்.

அப்புறம் தேதிக்கு முன்னாலேயே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். போனை அணைத்து வைப்பதுதான் பெரிய தவறு. தவணை தவறி 30, 60, 90 நாள் என்று படிப்படியாகக் கணக்கு மோசமாகும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அதற்கு முன்னால் கேட்டால் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க வாய்ப்பு அதிகம். வாயால் கேட்காதீர்கள், மனு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பாதித் தொகை கட்டினாலும் ரசீது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை என்றால் பணம் இல்லாமல் திரும்பும்போது வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார், முன்கூட்டியே பேசினால் இரட்டை அடியைத் தவிர்க்கலாம்.

எதை முதலில் அடைப்பது என்றால், என் பதில் தண்டலும் கந்துவட்டியும். வேறு சிலர் சிறு கடனை முதலில் முடி என்பார்கள், மனசுக்குத் தெம்பு வரும் என்பார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் தினம் நூறு ரூபாய் உறிஞ்சும் கடன் நின்றால்தான் மற்ற கடனுக்குப் பணம் மிஞ்சும். 2020 கொரோனாவில் மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதம் தவணை தள்ளி வைத்தார்களே, அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தள்ளி வைப்பது தள்ளுபடி இல்லை, அவகாசம் கேட்கும்போது மொத்தம் எவ்வளவு கூடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். என்ன செய்ய?

மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன்கூடச் செய்யக்கூடாது. மற்ற கடன்களுக்குக் காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, உறவினர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது எதுவும் விதியில் இல்லை. குழுக்கடனை நீங்களும் நிறுவனமும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும், இரண்டு முறை தொடர்ந்து அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, 2025இல் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது, 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

செய்ய வேண்டியது: வந்தவர் பெயர், அடையாள அட்டை, நேரம் எழுதி வையுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448 என்ற எண். மிரட்டல் என்றால் காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையம். ஆப் கடன்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930. இலவசச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே தீக்குளித்தது, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு. அந்த நினைப்பு உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

கட்டாவிட்டால் ஜெயிலா?

கடன் பாக்கி உரிமையியல் விவகாரம், அதற்காக மட்டும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்கு ஆகும், தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அதேபோல் வழக்குப் போட வழி இருக்கிறது. அதனால் தொகை எழுதாத செக்கையும், எழுதாத பத்திரத்தில் கையெழுத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், போய் நில்லுங்கள்.

பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

வேறு வழியே இல்லை என்றால் மட்டும். சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்) "முழுதாக முடிந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும், பிறகு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். எழுத்தில் கடிதம் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். கிரெடிட் அறிக்கையை, அதைத் தயாரிக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம், நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பேரில் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

கடன் வாங்கியவரோ கணவரோ இறந்துவிட்டால்?

குழுக்கடனில் பெரும்பாலும் கடன் தொகையிலேயே காப்பீட்டுப் பிரீமியம் பிடித்திருப்பார்கள், பல திட்டங்களில் கணவன் மனைவி இரண்டு பேருக்குமே சேர்த்து. இதைத் தெரியாமல், கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தாலிக்கொடியை விற்று டியூ கட்டிய ஒருவருக்கு, ஏழு மாதம் கழித்து நான் கடன் அட்டையை வாங்கிப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டின பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தோம், கிடைத்தது. உங்கள் கடன் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிரீமியம் பிடித்த வரி இருந்தால் பாலிசித் தாளைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள்.